பழைய மோட்டார் வண்டியும் உறைதடுப்புத் திரவமும்

உறைபனி காணாத யாழ்ப்பாணத்திலே 'அன்டிபிரீஸ்' எனும் உறைதடுப்புத் திரவம் எதற்கு என வினவுவோர் உளர். 1948ஆம் ஆண்டில் வெளிவந்த மொறிஸ் மைனர் போன்ற வண்டிகளுக்கு இங்கே பனி பகையன்று, துருவே பகை. வெறுந்தண்ணீர் வார்ப்பிரும்பு எஞ்சினை அரிக்கும். கிணற்று நீரிலுள்ள சுண்ணாம்பு ரேடியேற்றர் குழாய்களை அடைக்கும். ஆதலின், காய்ச்சி வடித்த நீரும் எதிலீன் கிளைக்கோல் திரவமும் சமபங்காகக் கலந்து ஊற்றுதல் நன்று. துருவைத் தடுக்கும் மருந்தும் அத்திரவத்திலேயே சேர்ந்துள்ளது.

செம்பும் பித்தளையும் ஈயப் பற்றாசும் கொண்ட பழைய ரேடியேற்றருக்குச் சிலிக்கேற்றுச் சேர்ந்த பழைய வகையே ஏற்றது. நிறத்தை நம்பாது, கலத்தின் மேலுள்ள குறிப்பைப் படித்தே வாங்குதல் வேண்டும். இரண்டாண்டுக்கு ஒருமுறை முற்றாக வடித்து மாற்றுக. எஞ்சின் ஆறுமுன் மூடியைத் திறவாதீர்.

இத்திரவம் நாவுக்கு இனிக்கும்; உயிருக்கோ நஞ்சு. குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் அணுகாவண்ணம் அதனைக் காத்தல் கடனாகும்.