இரட்டைத் துவக்கக் கணினியில் லினக்ஸ் துவங்காமை

இரட்டைத் துவக்கம் என்பது ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களை நிறுவி, இயக்கும்போது வேண்டியதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் முறையாகும். தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இது புதிதன்று. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், எல்காட் நிறுவனம் வழியாக வந்த கணினிகளில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் இருந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சிடாக் நிறுவனம் உருவாக்கிய இயங்குதளம் அது. விண்டோஸ் பழுதாகிக் கடைக்குப் போன கணினி, திரும்பி வந்தபின் லினக்சைக் காட்டாமல் நேரே விண்டோசுக்குள் போவதுண்டு. உடனே லினக்ஸ் அழிந்துவிட்டது என்று எண்ணி, வன்தட்டு முழுவதையும் பார்மட் செய்துவிடுகிறார்கள். பாடக்குறிப்பும் செய்முறைப் பதிவும் போவது அப்போதுதான்.

துவக்க ஏற்றி

பழைய பயாஸ் முறைக் கணினியில் வன்தட்டின் முதல் 512 பைட்டுகள் முக்கியமானவை. அவற்றில் முதல் 446 பைட்டுகளில் துவக்க நிரல் இருக்கும். லினக்சை நிறுவும்போது 'கிரப்' என்னும் துவக்க ஏற்றி அங்கே இடம்பிடிக்கிறது. பிறகு விண்டோசை மறுபடி நிறுவினால், அது யாரையும் கேட்காமல் தன் நிரலை அதன் மேல் எழுதிவிடும். லினக்ஸ் இருக்கும் பகிர்வை அது தொடுவதில்லை. திருவண்ணாமலைக் கோயிலில் கிழக்கே இராசகோபுர வாசல் சாத்தியிருந்தால் உள்ளே சந்நிதி இல்லை என்றா பொருள்? வடக்கே அம்மணி அம்மன் கோபுரம் வழியாகப் போகலாம்.

அந்த வடக்கு வாசல்தான் நிறுவாமலேயே இயங்கும் லைவ் லினக்ஸ் பென்டிரைவ். அதிலிருந்து கணினியைத் துவக்கி, முதல் வேலையாகக் கோப்புகளை வேறிடத்தில் படியெடுக்க வேண்டும். பழுதுபார்ப்பது அதன் பிறகே. லினக்ஸ் பகிர்வை இணைத்து, 'குரூட்' கட்டளையால் அதற்குள் நுழைந்து, 'கிரப்-இன்ஸ்டால்', 'அப்டேட்-கிரப்' ஆகிய கட்டளைகளை இட்டால் பட்டியல் திரும்ப வரும். பயாஸ் முறையில் கிரப்பை முழு வன்தட்டின் பெயருக்கு நிறுவ வேண்டும், பகிர்வின் பெயருக்கு அன்று. பலர் தடுமாறுவது இந்த ஓர் எண்ணில்தான். கட்டளைகளுக்குத் தயங்குவோர் உபுண்டுவில் 'பூட் ரிப்பேர்' என்னும் கருவியைப் பயன்படுத்தலாம்.

புதிய கணினிகள்

யுஇஎப்ஐ முறைக் கணினிகளில் ஒவ்வொரு இயங்குதளத்தின் துவக்கக் கோப்பும் தனிக் கோப்புறையில் இருக்கும். ஒன்று மற்றதை அழிக்கும் வாய்ப்பு குறைவு. துவக்க வரிசை மட்டுமே மாறுகிறது. எனவே பென்டிரைவைத் தேடுமுன், கணினியை இயக்கியதும் எப்2, எப்12 அல்லது டெல் விசையை அழுத்தி (நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும்) வரிசையைப் பார்ப்பது நல்லது. லினக்சின் பெயரை மேலே நகர்த்தினால் பெரும்பாலும் வேலை முடிந்தது.

சில வேளை லினக்சைத் தேர்ந்தெடுத்த பின்னும் உள்ளே போக முடியாது. 2024 ஆகஸ்ட் 13 அன்று மைக்ரோசாப்ட் வெளியிட்ட பாதுகாப்பு மேம்படுத்தலுக்குப் பிறகு உலகெங்கும் பலருக்கு இது நேர்ந்தது. பழைய கிரப்பில் இருந்த ஓட்டையை அடைக்க வந்த அந்த மேம்படுத்தல், இரட்டைத் துவக்கக் கணினிகளைத் தொடாது என்றே சொல்லப்பட்டிருந்தது. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்சுக்குள் சென்று அதைப் புதுப்பிப்பது அப்போது பலருக்குக் கைகொடுத்தது. ஆனால் விண்டோசில் பிட்லாக்கர் பூட்டு இருந்தால், செக்யூர் பூட்டை அணைத்தபின் மீட்புச் சாவி கேட்கும். அதை முன்பே எழுதி வைத்துக்கொள்ளாதவர் விண்டோசையும் சேர்த்து இழக்க நேரிடும்.

பட்டியல் வந்து, தேர்ந்தெடுத்தபின் பாதியில் நின்றால் சிக்கல் பெரும்பாலும் லினக்சுக்குள் இருக்கிறது. புதிய கெர்னல் ஒத்துவராமல் போயிருக்கலாம். கூடுதல் தேர்வுகளில் பழைய கெர்னலை எடுத்துப் பார்க்க வேண்டும்.

'கிரப் ரெஸ்க்யூ' என்ற வரியோடு திரை நின்றுபோனால் சற்றுக் கவலைப்பட வேண்டியதுதான். கிரப் தன் கோப்புகளைத் தேடிய பகிர்வு அங்கே இல்லை. விண்டோசுக்கு லினக்ஸ் பகிர்வைப் படிக்கத் தெரியாததால், 'பார்மட் செய்யட்டுமா' என்று அது கேட்கும். வெற்றிடம் என நினைத்து அழித்திருக்கக் கூடும். அந்நிலையிலும் அவ்விடத்தில் புதிதாக எதுவும் எழுதாமல் விட்டால், 'டெஸ்ட்டிஸ்க்' என்னும் கட்டற்ற மென்பொருள் தொலைந்த பகிர்வைத் தேடி எடுத்துத் தர வாய்ப்புண்டு.