சர்க்கரைக்கொல்லி சர்க்கரை நோயைக் கொல்லுமா?

நமது வண்ணாரப்பேட்டையின் நாட்டு மருந்துக் கடைகளில் நாவற்கொட்டைத் தூளும், ஆவாரம்பூவும், சிறுகுறிஞ்சான் இலையும் கேட்டு வாங்குவோரைக் காண்கிறோம். அவர்களுள் நீரிழிவு நோயாளிகள் பலர். 2023-ஆம் ஆண்டு வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வின்படி, தமிழகத்தில் 20 வயதும் அதற்கு மேலும் ஆனோரில் நூற்றுக்குப் பதினால்வருக்கு மேல் இந்நோய் உண்டு. ஆகவே, பச்சிலை இந்நோயைத் தீர்க்குமா என்னும் வினா நம் குடும்பங்களின் வினாவாகும்.

பச்சிலையை இகழ்வது நமது நோக்கமன்று. சிறுகுறிஞ்சானுக்குச் சர்க்கரைக்கொல்லி என்றும் பெயர். அதன் இலையை மென்றபின் சர்க்கரையை வாயிலிட்டால், சற்று நேரம் மணலைத் தின்பது போலிருக்கும். ஆயினும் நாவில் இனிப்பு மறைந்தது கொண்டு இரத்தத்தில் சர்க்கரை குறைந்ததென எண்ணலாகாது. அதனை அறியப் பரிசோதனை வேண்டும்.

அத்தகைய ஆய்வு நமது சென்னையிலேயே நடந்தது. சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் அறிஞர் ஈ. ஆர். பி. சண்முகசுந்தரமும் அவர்தம் குழுவினரும் 1990-இல் அதன் முடிவுகளை வெளியிட்டனர். நோயாளிகள் 22 பேருக்கு, அவர்கள் உட்கொண்ட மாத்திரையோடு நாள்தோறும் 400 மில்லிகிராம் சிறுகுறிஞ்சான் இலைச்சத்தும் 18 முதல் 20 மாதங்கள் வரை தரப்பட்டது. இரத்தச் சர்க்கரை குறைந்தது. ஐவர் மாத்திரையையே விட முடிந்தது. மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆனால் அந்த ஐவரைப் பற்றிப் பேசுவோர், மாத்திரையை விட இயலாத எஞ்சிய 17 பேரை மறந்துவிடுகின்றனர். அந்த ஐவரும் தாமாக மாத்திரையை எறிந்தவர்களல்லர். இரத்தத்தைச் சோதித்துச் சோதித்தே அது நிறுத்தப்பட்டது.

செடியிலிருந்து மருந்து பிறப்பதும் உண்மையே. ஐரோப்பாவில் கலேகா என்னும் செடியின் சத்து சர்க்கரையைக் குறைத்தது. எனினும் அதில் நச்சுத்தன்மை இருந்தது. அதனையொத்த, தீங்கு குறைந்த மெட்பார்மின் என்னும் மருந்தை 1957-இல் பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பயனை வெளியிட்டார். இன்று நம்மவர் விழுங்கும் மாத்திரைகளுள் அது முதன்மையானது. செடிக்கும் மாத்திரைக்கும் இடையே நின்றது அளவும் சோதனையுமே. கடையில் வாங்கும் தூளில் சத்து எவ்வளவு என்பதை யார் அளந்தார்?

இன்சுலினால் உயிர் வாழும் பிள்ளைக்கு அதனை நிறுத்திவிட்டுக் கஷாயம் கொடுப்பது, சில நாட்களிலேயே உயிருக்கு உலை வைப்பதாகும். மாத்திரையை விட்டவர்க்கோ கேடு ஓசையின்றி வரும். கால் புண்ணாகவும், சிறுநீரகக் கோளாறாகவும், கண் மங்கலாகவும் அது பின்னரே வெளிப்படும். மாத்திரையோடு பச்சிலையையும் மறைத்து உண்டால், சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து வியர்வை, நடுக்கம், மயக்கம் நேரலாம்.

இந்நோய்க்கெனத் தனிப் பிரிவு 1948-இலேயே மருத்துவர் எம். விசுவநாதனால் நமக்கு அண்மையிலுள்ள ஸ்டான்லி மருத்துவமனையில் தொடங்கப்பெற்றது. 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரைகள் இல்லந்தேடியும் வருகின்றன. எனவே அன்பர்களே, பச்சிலை உண்ண விரும்பினால் அப்பொட்டலத்தையும் மருத்துவரிடம் எடுத்துச் சென்று காட்டுங்கள். அவரிடம் மறைக்காதீர்கள், அவர் சொல்லாமல் மருந்தை நிறுத்தாதீர்கள்.