பெயரறிந்து தேடினால் கிடைப்பவை

நமது சங்கத்து அங்கத்தினர்களில் கைப்பேசி இல்லாதவர் இப்போது மிகச் சிலரே. தறியிலிருந்து எழுந்து சற்று ஓயும் வேளையிலும், நீர் பாய்ச்சிவிட்டு வரப்பில் அமரும் வேளையிலும் அதைக் கையிலெடுப்பது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் பாட்டும் வேடிக்கையுமே பார்க்கப்படுகின்றன. அதைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. ஆயினும், அதே இணையத்தில் நமது ஊரைப் பற்றியும், துணியைப் பற்றியும், விளைபொருளைப் பற்றியும் என்னென்ன அகப்படும் என்று நாம் தேடிப் பார்த்தோம். அவ்வாறு கிடைத்தவற்றுள் சுவையும் பயனும் உடைய சிலவற்றை அங்கத்தினர்களுக்கு இங்கே எடுத்துரைக்கிறோம்.

'செஞ்சி' என்று தமிழில் எழுதித் தேடினால் முதலில் வருவது தேசிங்கு ராஜன் கதையே. ஆர்க்காட்டு நவாபுடன் பொருது 1714-இல் மாண்ட அவ்விளைஞனையும் அவனது குதிரையையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கின்றனர். நாட்டுப்பாடலுக்கும் சரித்திரத்துக்கும் இடையே வேலி கட்டாமல் எழுதியவையே அவற்றுள் மிகுதி. ஆனால் ஊரின் பிற பெயர்களைக் கொண்டு தேடினால் வேறொரு செஞ்சி வெளிப்படுகிறது. பீஜப்பூர் சுல்தானின் ஆட்கள் இவ்வூருக்கு 'பாதுஷாபாத்' என்று பெயரிட்டனர். 1677-இல் சிவாஜி கைப்பற்றிய பின்னர் மராட்டியர் இதைச் 'சந்தி' என வழங்கினர். எட்டாண்டு முற்றுகைக்குப் பின் 1698-இல் கோட்டையைப் பிடித்த மொகலாயர், தங்கள் தளபதி ஜுல்பிகர்கான் நுஸ்ரத் ஜங்கின் பட்டப் பெயரால் 'நுஸ்ரத்கட்' என்றனர். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் 'ஜிஞ்சி' என்றனர். ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் ஓர் ஆட்சியின் பதிவுகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்றை மட்டும் அறிந்தவன் ஒரு காலத்தை மட்டுமே காண்பான்.

இவற்றையெல்லாம் ஒருங்கே அறிய விரும்புவோர், பேராசிரியர் சி. எஸ். சீனிவாசாச்சாரியார் ஆங்கிலத்தில் எழுதி அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1943-இல் வெளியிட்ட செஞ்சி வரலாற்று நூலை நாடலாம். அது இணைய ஆவணக் காப்பகத்தில் பக்கம் பக்கமாகப் படம்பிடித்து வைக்கப்பட்டுள்ளது, கட்டணம் இல்லை. ஆங்கிலம் படித்த பிள்ளைகள் வீட்டிலிருந்தால் மாலை வேளைகளில் வாசித்துப் பொருள் சொல்லச் சொல்லலாம். 1597-இல் இவ்வூரைக் கண்ட பிமெந்தா என்னும் பாதிரியார், லிஸ்பனைத் தவிரப் போர்த்துகல் நாட்டின் எந்த நகரத்தைவிடவும் இது பெரிதென எழுதிவைத்தார் என்பதைக் கேட்டால், இன்று சந்தைமேட்டில் நிற்கும் நமக்கு வியப்பாகத்தான் இருக்கும்.

அப்போது ஆண்டவர் கிருஷ்ணப்ப நாயக்கர். அவரது அனுமதி பெற்றே ஒல்லாந்தக் கம்பெனியார் 1608-இல் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் கால் ஊன்றினர். அவர்கள் வந்தது எதற்காக? துணிக்காக. கீழைத் தீவுகளில் மிளகும் ஜாதிக்காயும் வாங்க வெள்ளிப் பணத்தைவிடச் சோழமண்டலக் கரைத் துணியே நன்கு செல்லுபடியாயிற்று. ஒல்லாந்து நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகம் அக்கம்பெனியின் கையெழுத்துப் பதிவுகளில் பல இலட்சம் பக்கங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. பழைய கையெழுத்தை இயந்திரமே படித்து அச்செழுத்தாக மாற்றியும் தருகிறது. தேவனாம்பட்டினம் என்று தேடினால் அங்கே ஒன்றும் வராது. 'தேக்னபட்டம்' என்று அவர்கள் எழுதிய முறையில், அவர்களது எழுத்தில் தேட வேண்டும்.

துணியின் கதை இதனினும் விந்தையானது. நமது கரையில் நெய்து, அவுரி நீலத்தில் தோய்த்து ஏற்றுமதியான ஒருவகை முரட்டுப் பருத்தித் துணிக்கு வெளிநாட்டு நூல்களில் 'கினி' என்று பெயர். கினி என்பது ஆப்பிரிக்க மேற்குக் கரையின் பெயர். துணி விற்ற இடத்தின் பெயரே துணிக்கு வந்துவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்து சென்ற நீலக் கினித் துணி செனகால் நாட்டில் பணத்துக்குப் பதிலாகவே வழங்கிற்று. அங்கே கருவேல வகை மரத்தின் பிசினை வணிகர்கள் இத்துணியைக் கொடுத்தே வாங்கினர். நெய்தவரின் பெயரோ, ஊரின் பெயரோ அதில் ஒட்டவில்லை. சாயம் கொடுத்த அவுரி மட்டும் திண்டிவனம் வட்டாரத்தில் இன்றும் பயிராகிறது. புதுச்சேரித் துணி வியாபாரத்தின் உட்புறத்தைத் தமிழிலேயே அறிய வேண்டுமானால், 1736-இல் தொடங்கி 1761 வரை ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பு இருக்கிறது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்புப் பன்னிரண்டு தொகுதிகளும் இணையத்தில் உண்டு.

2025 ஜூலையில் நமது கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று என்பது யாவரும் அறிந்த செய்தி. ஆனால் அப்பட்டியலில் செஞ்சி என்ற தலைப்பில் அதைக் காண இயலாது. 'மராட்டியர் இராணுவ நிலப்பரப்புகள்' என்ற தலைப்பின் கீழ் உள்ள 12 கோட்டைகளில் ஒன்றாக அது இடம்பெற்றிருக்கிறது. ஏனைய பதினொன்றும் மகாராஷ்டிரத்தில் உள்ளவை.

இனி, நமது பைக்கு நெருக்கமான விஷயத்துக்கு வருவோம். ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களின் அன்றாட விலையை மத்திய அரசின் 'அக்மார்க்நெட்' தளம் வெளியிடுகிறது. அங்கே 'மல்லாட்டை' என்று தேடிய விவசாயி ஏமாந்து போவார். 'மணிலா' என்றாலும் கிடைக்காது. நிலக்கடலை என்பதற்குரிய ஆங்கிலப் பெயரைப் பட்டியலிலிருந்து தெரிவு செய்ய வேண்டும். அளவும் வேறு. தளத்தில் விலை 100 கிலோ குவிண்டாலுக்கு; நமது பக்கத்தில் பேச்செல்லாம் நெல்லுக்கு 75 கிலோ மூட்டை, மல்லாட்டைக்கு 80 கிலோ மூட்டை. நெல் குவிண்டால் 2,400 ரூபாய் என்று இருந்தால் மூட்டைக்கு 1,800 ரூபாய் ஆகும். இக்கணக்கைப் போடாமல், "இணையத்தில் 2,400 என்று இருக்கிறது, இங்கே 1,800 தானா?" என்று சண்டைக்குப் போவதும் தவறு, கணக்குத் தெரியாததால் 1,650-க்கு இணங்கிவிட்டு வருவது அதைவிடத் தவறு. மேலும் அங்கே குறைந்த விலை, உயர்ந்த விலை, பெருவாரியான விலை என மூன்று காட்டப்படும். உயர்ந்த விலை அன்றைய மிகச் சிறந்த ஒரு குவியலுக்குக் கிடைத்ததாக இருக்கலாம். நாம் ஒப்பிட வேண்டியது பெருவாரியான விலையைத்தான், அதுவும் நாம் விளைவித்த அதே ரகத்துக்கு.

நிலப் பதிவிலும் இதே சங்கடம் உண்டு. வருவாய்த் துறையின் சேவைத் தளத்தில் பட்டா, சிட்டாவை வீட்டிலிருந்தே பார்க்கலாம். பழைய பத்திரத்தில் ஜில்லா தென்னாற்காடு என்று இருக்கும். 1993 முதல் நாம் விழுப்புரம் மாவட்டத்தினர். பத்திரத்தில் செஞ்சி தாலுகா என்று இருந்தாலும் கிராமம் இப்போது மேல்மலையனூர் வட்டத்தில் சேர்ந்திருக்கக்கூடும். வில்லங்கச் சான்றோ வட்டத்தின் பெயரால் கிடைப்பதன்று. சார்பதிவாளர் அலுவலகத்தின் பெயரை அறிந்து தேட வேண்டும். பரப்பு ஹெக்டேரில் தரப்படுகிறது; 0.40.50 என்று கண்டு நிலம் குறைந்துவிட்டதாகப் பதற வேண்டாம். நாற்பதரை ஏர் என்பது ஏறத்தாழ ஓர் ஏக்கர். பதற வேண்டியது பெயரில் பிழை இருந்தால்தான். தகப்பனார் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் பயிர்க்கடன் மனுவின்போது அது தடையாக நிற்கும். சாகுபடிக் காலம் வரும்வரை காத்திராமல் இப்போதே பார்த்து, பிழையிருப்பின் தாசில்தாரிடமோ ஜமாபந்தியிலோ மனுக் கொடுப்பது நன்று.

நெசவாளர்களுக்கு ஒரு தகவல். துணியின் பெயர் பறிபோன காலம் இப்போது இல்லை. 1999-இல் இயற்றப்பட்டு 2003-இல் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்படி, காஞ்சிபுரம் பட்டும் ஆரணிப் பட்டும் பதிவு செய்யப்பட்டுள்ளன. அதன் பதிவகம் சென்னையிலேயே இருக்கிறது. பதிவேட்டை எவரும் இணையத்தில் காணலாம். ஆனால் துணி பதிவாகிவிட்டதால் அதை நெய்பவர் ஒவ்வொருவருக்கும் அப்பெயரைப் பயன்படுத்தும் சட்ட உரிமை தானாக வந்துவிடுவதில்லை. 'அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளர்' என்று தனியே விண்ணப்பித்துப் பெயரைச் சேர்க்க வேண்டும். பதிவு பத்தாண்டுக்குச் செல்லும், பின்னர் புதுப்பிக்க வேண்டும். எல்லைக்குட்பட்ட ஊர்கள் எவை, எந்த நூல், எவ்வகைத் தறி என்ற விவரமெல்லாம் விண்ணப்ப ஆவணத்திலேயே உண்டு. அதைப் படித்த பின்னரே மனுச் செய்வது முறை. ஆரணியை ஆங்கிலத்தில் இருவகையாக எழுதும் வழக்கம் இருப்பதால், ஓர் எழுத்துமுறையில் கிடைக்காவிடில் மற்றொன்றிலும் தேடுக.