குளத்துத் தண்ணியில் ஒரு மருந்து

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை ரோட்டில் பஸ்ஸில் வரும்போது, கீரனூர் பக்கம் குளமும் கண்மாயுமாகக் கடந்து வருவோம். நம்ம தாலுகாவின் பெயரே குளத்தூர்தான். அந்தத் தண்ணீரில் ஒரு மில்லி எடுத்தால், அதில் லட்சக்கணக்கில் வைரஸ்கள் இருக்கும். பயப்படாதீங்க! அவற்றில் பெரும்பாலானவை நம்மைத் தொடாது. அவற்றின் இரை பாக்டீரியா மட்டும்தான். பெயர் பாக்டீரியோஃபேஜ். சுருக்கமா, ஃபேஜ்.

இதை ஏன் இப்போ பேசணும்?

வீட்டில் சர்க்கரை நோயாளி ஒருத்தருக்குக் காலில் புண் ஆறலைன்னா டாக்டர் கல்ச்சர் டெஸ்ட் எழுதுவார். ரிப்போர்ட்டில் ஒவ்வொரு ஆன்டிபயாடிக்குக்கும் நேரே 'எஸ்' அல்லது 'ஆர்' இருக்கும். எஸ் என்றால் மருந்து கேட்கும். ஆர் என்றால் கேட்காது. வரிசையா எல்லாமே 'ஆர்' என்று வந்தால்?

இது கற்பனை இல்லை. கடைசி ஆயுதம் போல வைத்திருந்த கார்பாபெனெம் மருந்துகளையே உடைக்கும் என்.டி.எம்-1 நொதி பற்றி 2010-ல் வந்த முக்கியமான ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையில் எடுத்த மாதிரிகளில் மட்டும் 44 பாக்டீரியாக்களில் அது இருந்தது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019-ல் உலகம் முழுக்க 12.7 லட்சம் பேர் நேரடியாக இறந்ததாக ஒரு மதிப்பீடு சொல்கிறது.

ஃபேஜ் எப்படி வேலை செய்யும்?

பூட்டும் சாவியும் மாதிரி. ஃபேஜின் வால் நுனி, தனக்குப் பொருந்தும் பாக்டீரியாவின் மேற்பரப்பில் மட்டுமே ஒட்டும். ஒட்டியதும் தன் டி.என்.ஏ-வை உள்ளே செலுத்தும். அப்புறம் பாக்டீரியாவே ஃபேஜ் தயாரிக்கும் ஃபேக்டரி! ஈ.கோலையைத் தாக்கும் டி4 ஃபேஜ் என்றால், அரை மணி நேரத்துக்குள் நூறு, இருநூறு குட்டிகள் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வரும். பாக்டீரியா காலி. சில ஃபேஜ்கள் கொல்லாமல் உள்ளேயே ஒளிந்துகொள்ளும். அவை சிகிச்சைக்கு ஆகாது.

கதை நம்ம நாட்டிலும் நடந்தது

1896-ல், ஆக்ராவில் வேலை பார்த்த எர்னஸ்ட் ஹான்கின், கங்கை, யமுனைத் தண்ணீரில் காலரா கிருமி சீக்கிரம் சாவதைப் பார்த்தார். அதே தண்ணீரைக் கொதிக்க வைத்தால் அந்தச் சக்தி போய்விட்டது. காரணம் அவருக்குப் புரியவில்லை. 1917-ல் பாரிஸில் ஃபெலிக்ஸ் டி'ஹெரெல் 'பாக்டீரியோஃபேஜ்' என்று பெயர் வைத்தார். 1927-ல் அவரே பஞ்சாபுக்கு வந்து காலரா நோயாளிகளுக்கு ஃபேஜ் கொடுத்தார். கிராமத்துக் கிணறுகளிலும் ஊற்றினார். பிறகு ஆன்டிபயாடிக் வந்தது, மேற்கு உலகம் ஃபேஜை மறந்தது. ஆனால் ஜார்ஜியா நாட்டின் திபிலிசியில் ஆய்வும் சிகிச்சையும் விடாமல் தொடர்ந்தன.

இப்போ வேலூரில்

வி.ஐ.டி-யில் ரமேஷ் நாச்சிமுத்துவின் ஆய்வுக்குழு இந்தப் பழைய யோசனையை நம் ஊர்ப் பிரச்சனைக்குக் கொண்டு வந்திருக்கிறது. பிரசாந்த் மனோகர் முதலானோருடன் 2019-ல் வெளியிட்ட கட்டுரையில், ஈ.கோலை, க்ளெப்சியெல்லா, என்டெரோபாக்டர் என்ற மூன்று தொல்லைக்காரர்களுக்கு எதிராக ஃபேஜ் கலவையைச் சோதித்தார்கள். சோதனை எலியில் இல்லை, மெழுகு அந்துப்பூச்சியின் புழுவில். கிருமி ஏற்றிய புழுக்களில், ஃபேஜ் கொடுத்தவை அதிகம் பிழைத்தன. 'புழுதானே?' என்று நினைக்காதீங்க. செலவு குறைவு, ரிசல்ட் சில நாட்களில் வந்துவிடும். மனிதருக்குப் போகும் நீண்ட பாதையில் இது முதல் படி.

அப்போ ஏன் மெடிக்கலில் கிடைக்கலை?

ஏன்னா அதன் பலமே அதன் பலவீனம். ஆன்டிபயாடிக் ஒன்று பல கிருமிகளைக் கொல்லும். நம் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துக் கொல்லும். ஃபேஜ் தன் இரையை மட்டும்தான் தொடும். ஆனால் உங்கள் புண்ணில் இருக்கும் கிருமிக்குச் சரியான ஃபேஜ் எதுன்னு முதலில் தேடிப் பிடிக்கணும். பாக்டீரியா ஃபேஜுக்கும் பழகிவிடும். அதனால்தான் பல ஃபேஜ்களைக் கலந்து கொடுக்கிறார்கள். ஆளுக்கு ஆள் மாறும் மருந்தை எப்படிச் சோதித்து அனுமதிப்பது என்பது இன்னொரு சிக்கல். இந்தியாவில் இது இன்னும் வழக்கமான சிகிச்சை ஆகவில்லை.

இங்கேதான் நமக்கு வேலை இருக்கு. எந்த ஃபேஜ் எந்தக் கிருமிக்குப் பொருந்தும் என்று மரபணுவைப் பார்த்தே கணிக்கும் மென்பொருள் வேண்டும்; சுத்தமாகத் தயாரிக்கும் கருவி வேண்டும்; குளிர்ச்சி குறையாமல் கொண்டுபோகும் பெட்டி வேண்டும். இது பயோடெக் பசங்களுக்கு மட்டுமான வேலை இல்லைங்க. கம்ப்யூட்டர், கெமிக்கல், மெக்கானிக்கல் எல்லாருக்கும் இடம் உண்டு.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கு. மூணு நாளில் காய்ச்சல் விட்டுடுச்சுன்னு, டாக்டரைக் கேட்காம ஆன்டிபயாடிக்கைப் பாதியில் நிறுத்தாதீங்க. சீட்டு இல்லாம மெடிக்கலில் கேட்டு வாங்காதீங்க. ரிப்போர்ட்டில் 'எஸ்' குறையாமல் இருப்பது நம்ம கையிலும் இருக்கு.

முக்கியமா, இதைப் படிச்சுட்டு யாரும் குளத்துத் தண்ணியைக் குடிச்சுடாதீங்க! அதுல ஃபேஜ் இருக்குன்னா, அதோட இரையும் அங்கேதான் இருக்குன்னு அர்த்தம்.