கணக்குப் போட மவுஸ் எதற்கு?

ஊர்ச் சங்கங்களில் விழாக் கணக்கு எழுதுபவர்களுக்குக் கைகொடுக்கும் சில குறுக்குவழிகளை இம்மாதம் பார்ப்போம்.

விண்டோஸ் விசையை அழுத்தியபடி 'ஆர்' விசையைத் தட்டுங்கள். திறக்கும் சிறு பெட்டியில் ஆங்கிலத்தில் சி, ஏ, எல், சி என்று தட்டி என்டர் கொடுத்தால் கால்குலேட்டர் வந்துவிடும். 250 டொலருடன் 10 வீத வரியைக் கூட்ட வேண்டுமா? 250 + 10 % = என்று வரிசையாகத் தட்டுங்கள். 275 கிடைக்கும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. மண்டப வாடகை 200 டொலர், 40 பேருக்குச் சாப்பாடு தலா 12 டொலர் என்று வைத்துக்கொள்வோம். 200 + 40 * 12 என்று தட்டினால் சாதாரண கால்குலேட்டர் 2880 என்று காட்டும்! முதலில் கூட்டி, பிறகு பெருக்குவதுதான் காரணம். சரியான விடை 680. ஆல்ட் விசையுடன் 2ஐ அழுத்தி விஞ்ஞானக் கால்குலேட்டருக்கு மாறினால், பெருக்கலை முதலில் செய்து சரியாகத் தரும்.

எக்செல்லில் ஒரு நிரல் எண்களைக் கூட்ட, அவற்றின் கீழுள்ள கட்டத்தில் நின்று ஆல்ட் விசையையும் சமக்குறியையும் சேர்த்து அழுத்தி என்டர் கொடுங்கள். இடையில் வெற்றுக் கட்டம் இருந்தால் அதற்குக் கீழுள்ளவை மட்டுமே கூட்டப்படும். ஆகவே எதுவரை தெரிவாகியுள்ளது என்று பார்த்துவிட்டே என்டரைத் தட்டுங்கள். கூட்டுத்தொகையைப் பார்த்தால் மட்டும் போதுமென்றால், எண்களைத் தெரிவு செய்யுங்கள். திரையின் அடியில் தெரியும்.

விசைகள் வேகத்தைத்தான் தரும். பொதுப்பணம் என்றால் விடையை மனக்கணக்காலும் ஒருமுறை சரிபாருங்கள். மீண்டும் சந்திப்போம்.