பூப்பின் இரண்டாண்டு முன்னறிவிப்பு

ஒரு சிறுமிக்கு முதல் மாதவிடாய் வரும் நாளுக்கு ஏறத்தாழ இரண்டு அல்லது இரண்டரை ஆண்டுகளுக்கு முன்பே அவளுடைய உடல் அதற்கான வேலையைத் தொடங்கிவிடுகிறது என்பதும், மார்பு அரும்புவது, உயரம் விரைந்து கூடுவது, அக்குளில் ரோமம் முளைப்பது ஆகிய அடையாளங்கள் தோன்றிய பிறகே குருதி வெளிப்படுகிறது என்பதும் மருத்துவம் நன்கறிந்த செய்திகள். ஆயினும் திண்டுக்கல்–திருச்சி சாலையில் அமைந்த வடமதுரையிலும், அதைச் சூழ்ந்த அய்யலூர், வேடசந்தூர் வட்டாரத்துச் சிற்றூர்களிலும், தமிழகத்தின் மற்ற பகுதிகளைப் போலவே, "பெரிய மனுசி ஆயிட்டா" என்ற சொல் வீட்டைவிட்டு வெளியே வரும் நாள்தான் எல்லாவற்றுக்கும் தொடக்கமாகக் கருதப்படுகிறது. உடல் இரண்டாண்டுக் காலம் தந்த முன்னறிவிப்பை எவரும் கவனியாமல் விட்டுவிடுவதால், ஊருக்கெல்லாம் பத்திரிகை வைத்துச் சொல்லப்படும் ஒரு செய்தியை அதற்கு உரியவள் மட்டும் பாவாடையில் கறையைக் கண்டு அஞ்சி அழுத பிறகே அறிந்துகொள்கிறாள்.

இம்மாற்றத்தின் முதற்புள்ளி மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஐப்போதலாமஸ் என்னும் சிறு பகுதியாகும். அங்கிருந்து சுரக்கும் கோனாடோட்ரோபின் விடுவிப்பு ஹார்மோனின் அமைப்பை ஆண்ட்ரூ ஷாலி, ரோஜர் கியுமின் ஆகியோரின் குழுக்கள் 1971ஆம் ஆண்டையொட்டிக் கண்டறிந்தன. இருவருக்கும் 1977இல் நோபல் பரிசு கிடைத்தது. கைக்குழந்தைப் பருவத்தில் சில மாதங்கள் சுரந்துவிட்டுப் பல ஆண்டுகள் அடங்கிக் கிடக்கும் இந்த ஹார்மோன், எட்டு அல்லது ஒன்பது வயதுக்குப் பிறகு, முதலில் இரவுத் தூக்கத்தில் மட்டும், விட்டுவிட்டு எழும் துடிப்புகளாக வெளிப்பட்டு, பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, அது சூலகங்களைத் தூண்ட, சூலகங்கள் ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கின்றன. மார்பை அரும்பச் செய்வதும் கருப்பையின் உட்சவ்வைத் தடிக்கச் செய்வதும் இந்த ஈஸ்ட்ரோஜனே. அடங்கிக் கிடந்ததை எழுப்புவது எது என்ற கேள்விக்கு 2003இல் ஒரு பாதி விடை கிடைத்தது. கிஸ்பெப்டின் என்ற புரதத்தின் செய்தியை ஏற்கும் ஏற்பிக்கான மரபணுவில் குறையுடையவர்கள் பருவமடைவதே இல்லை என்பதைப் பிரான்சிலும் அமெரிக்காவிலும் இருந்த இரு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன. கிஸ்பெப்டினை எழுப்புவது எது என்பது இன்னும் ஆராயப்பட்டு வருகிறது.

உடல் எடைக்கும் பூப்புக்கும் உறவு உண்டு என்று 1970இல் ரோஸ் ஃபிரிஷ், ரோஜர் ரெவெல் ஆகியோர் ஒரு கருதுகோளை முன்வைத்தனர். கொழுப்புத் திசுவிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுசெல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் 1994இல் கண்டறியப்பட்டபோது அதற்கு ஓரளவு வலுச் சேர்ந்தது. கருவைச் சுமக்கப் போதிய சேமிப்பு உடலில் இருக்கிறது என்ற உறுதி கிடைத்த பிறகே மூளை இசைவு தருகிறது என்று இதைச் சுருக்கமாகக் கொள்ளலாம். உணவு மேம்பட்டு நோய் குறைந்ததால் ஐரோப்பிய நாடுகளில் 19ஆம் நூற்றாண்டில் பதினாறு, பதினேழாக இருந்த சராசரிப் பூப்பு வயது இன்று பதின்மூன்றை ஒட்டி வந்துள்ளது. இந்தியாவில் 1955–64 காலத்தில் பிறந்த பெண்களுக்கு 13.8 ஆக இருந்த சராசரி, 1985–89 காலத்தில் பிறந்தவர்களுக்கு 13.6 ஆகக் குறைந்ததாக ஒரு தேசிய ஆய்வு காட்டுகிறது. ஆகவே "இந்தக் காலத்துப் பிள்ளைகள் சின்ன வயதிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள்" என்ற பேச்சில் உண்மை உண்டு என்றாலும், குறைவு சில மாதங்களே. பிராய்லர் கோழிக்குப் போடும் ஹார்மோன் ஊசியே அதற்குக் காரணம் என்று கூறப்படுவதற்குச் சான்று இல்லை. அக்கோழிகள் விரைந்து வளர்வது தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து இனப்பெருக்கம் செய்யப்பட்டதால்தான்.

குருதி கண்ட வீட்டில் அடுத்து நடப்பதை இவ்வட்டாரத்தார் அனைவரும் அறிவர். தாய்மாமனுக்குத் தகவல் போகிறது. அவர் பச்சைத் தென்னங்கீற்று கொண்டுவந்து முற்றத்திலோ வீட்டின் ஓர் ஓரத்திலோ குச்சு கட்டுகிறார். சிறுமிக்குத் தனிப் பாயும் தனித் தட்டும் தனிச் செம்பும் ஒதுக்கப்படுகின்றன. உளுந்தங்களி, கருப்பட்டி, நல்லெண்ணெய், பச்சை முட்டை என்று உறவுப் பெண்கள் முறைவைத்து ஊட்டுகிறார்கள். பின்னர் நாள் பார்த்துத் தண்ணீர் ஊற்றி, மண்டபம் பிடித்து, பூப்புனித நீராட்டு விழா என்று ஃபிளெக்ஸ் கட்டி, மாமன் சீர் தட்டுத் தட்டாக வர, மொய் எழுதப்படுகிறது. இந்தச் சடங்கை முழுவதுமாகப் பழித்துப் பேசுவது நேர்மையாகாது. ஏனெனில் ஆண் பிள்ளையின் நலத்திலேயே கண்ணாயிருக்கும் பல குடும்பங்களில், பெண்பிள்ளை ஒருத்தி நடுவில் அமர்ந்து சிறப்பாக உபசரிக்கப்படும் முதல் நாட்கள் இவையே.

அந்த உணவிலும் பொருள் உண்டு. உளுந்தில் ஏறத்தாழ கால் பங்கு புரதம். இரும்பும் ஃபோலிக் அமிலமும் அதில் உள்ளன. ஒரு மாதவிடாயில் இழக்கப்படும் குருதி பொதுவாக 30 முதல் 40 மில்லி லிட்டர். ஒரு மில்லி லிட்டரில் சுமார் அரை மில்லி கிராம் இரும்பு இருப்பதால், மாதந்தோறும் 15 முதல் 20 மில்லி கிராம் இரும்பு உடலைவிட்டுப் போகிறது. சைவ உணவிலுள்ள இரும்பில் சிறு பங்கையே குடல் உறிஞ்சுவதால் இந்த இழப்பை ஈடுகட்டுவது எளிதன்று. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 19 வயதுள்ள இந்தியப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை காணப்பட்டது; தமிழகத்திலும் அது பாதிக்கு மேல். எனவே களி சடங்கு நாட்களோடு நின்றுவிடக் கூடாது. பள்ளியில் வாரந்தோறும் தரப்படும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையும் குப்பைக்குப் போகக் கூடாது. பச்சை முட்டையை மட்டும் கைவிட்டுவிடலாம்: வேகாத முட்டையின் வெண்கருவில் உள்ள அவிடின் என்ற பொருள் பயோட்டின் என்னும் வைட்டமினைப் பிடித்துவைத்துக்கொள்வதோடு, சால்மொனெல்லா கிருமி தொற்றவும் வாய்ப்புண்டு. வேகவைத்த முட்டை அதே புரதத்தை இன்னும் நன்றாகவே செரிக்கத் தருகிறது.

தனித் தட்டுக்கும் தனிக் குச்சுக்கும் இத்தகைய நியாயம் எதுவும் கிடையாது. விலக்கானவள் தொட்டால் பூ வாடும், ஊறுகாய் கெடும் என்ற நம்பிக்கை நம் கிராமங்களுக்கு மட்டும் உரியதன்று. தொண்டை அடைப்பான் நோய்க்கான தோல் சோதனையை உருவாக்கிய வியன்னா மருத்துவர் பேலா ஷிக், 1920இல், மாதவிடாயிலிருந்த பணிப்பெண் தொட்ட மலர்கள் வாடியதாகக் கண்டு, 'மெனோடாக்சின்' என்றொரு நஞ்சு மாதவிடாயிலிருக்கும் பெண்களின் உடலில் சுரப்பதாக எழுதினார். பல பத்தாண்டுகள் தேடியும் அப்படியொரு நஞ்சு நிலைநாட்டப்படவில்லை. வெளியேறுவது குருதியும் உதிர்ந்த கருப்பைச் சவ்வும் கருப்பைக் கழுத்துப்பகுதிச் சளியுமே. அவற்றில் தீட்டு என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை.

இப்படி ஒதுக்கிவைப்பதன் தீங்கோ தெளிவாகத் தெரிகிறது. 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் கரை கடந்த இரவில், பட்டுக்கோட்டையை அடுத்த அணைக்காட்டில், பூப்பெய்தியதால் வீட்டுக்கு வெளியே குடிசையில் தங்கவைக்கப்பட்டிருந்த சிறுமி ஒருத்தி தென்னைமரம் விழுந்து உயிரிழந்தாள். மதுரை மாவட்டத்தின் கூவலாபுரம் போன்ற ஊர்களில் மாதவிலக்குப் பெண்கள் ஊருக்கு ஒதுக்குப்புறமான 'முட்டுத்துறை'யில் தங்கும் வழக்கம் அண்மை ஆண்டுகளிலும் பதிவாகியுள்ளது. 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத் தனியார் பள்ளி ஒன்றில், பூப்பெய்திய எட்டாம் வகுப்பு மாணவி வகுப்பறைக்கு வெளியே படியில் அமர்ந்து தேர்வெழுத வைக்கப்பட்டாள். படித்தவர்கள் நடத்தும் நிறுவனத்திலேயே இது நடந்தது என்பது, இவ்வழக்கத்தை அறியாமை என்ற ஒற்றைச் சொல்லால் விளக்கிவிட முடியாது என்பதைக் காட்டுகிறது.

பொருட்கள் கிடைப்பதில் தமிழகம் பின்தங்கியிருக்கவில்லை. 2011இல் அறிவிக்கப்பட்ட புது யுகம் திட்டத்தின்கீழ் ஊரகத்து வளரிளம் பெண்களுக்கு விலையின்றி நாப்கின் வழங்கப்படுகிறது. மலிவு விலை நாப்கின் இயந்திரத்தை உருவாக்கிய கோவை அருணாசலம் முருகானந்தம் 2016இல் பத்மஸ்ரீ பெற்றார். குறைபாடு இருப்பது செய்தியில். இந்தியா முழுவதும் நடந்த 138 ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளிவந்த கட்டுரை, பெண்களில் ஏறத்தாழ பாதிப்பேரே முதல் மாதவிடாய்க்கு முன்னர் அதைப் பற்றி அறிந்திருந்ததாகக் கூறுகிறது. தமிழ்நாட்டுப் பாடநூலில் வளரிளம் பருவத்தைப் பற்றிய பாடம் எட்டாம் வகுப்பு அறிவியலில் வருகிறது. எட்டாம் வகுப்பு மாணவிக்கு வயது பதின்மூன்று, பூப்பின் சராசரி வயதும் ஏறத்தாழ அதுவே ஆதலால், வகுப்பில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு அப்பாடம் நடந்து முடிந்ததைப் பற்றிய பாடமாகிவிடுகிறது. நூற்பாலை ஷிப்டுக்குப் போய் இரவில் திரும்பும் தாய்மார் நிறைந்த இந்த வட்டாரத்தில், வீட்டில் சொல்லிவிடுவார்கள் என்று பள்ளியும், பள்ளியில் சொல்லிவிடுவார்கள் என்று வீடும் இருந்துவிடுவதில் வியப்பில்லை.

மகளின் மார்பு அரும்பத் தொடங்கியதை, பெரும்பாலும் நான்காம் அல்லது ஐந்தாம் வகுப்பில், கண்ணுறும் நாளே சொல்லத் தகுந்த நாள். அப்போது சொன்னால் அவளுக்கு ஓராண்டுக்கு மேல் அவகாசம் கிடைக்கும். முதல் இரண்டாண்டுகளில் பல மாதங்கள் முட்டை வெளிப்படாமலே குருதி வருவதால் சுழற்சி 21 நாளுக்கும் வரலாம், 45 நாள் தள்ளியும் வரலாம் என்பதையும், அடிவயிற்று வலிக்குக் காரணம் கருப்பையைச் சுருங்கச் செய்யும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளே, அதற்கு மருந்து உண்டு என்பதையும் அவளிடமே சொல்லலாம். எட்டு வயதுக்கு முன் அடையாளங்கள் தோன்றினாலும், பதினைந்து வயது முடிந்தும் மாதவிடாய் வராவிட்டாலும், மார்பு அரும்பி மூன்றாண்டு கடந்தும் வராவிட்டாலும், ஏழு நாளுக்கு மேல் குருதி நீடித்தாலும், மணிக்கொரு நாப்கின் நனைந்தாலும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச்செல்ல வேண்டும். சடங்குக்கு நாள் பார்த்துக்கொண்டு அதைத் தள்ளிப்போடலாகாது.