உதவிக்கு ஆளில்லாத வீடு

 

கல்யாண வீட்டிலும் பெண்கள் பயானிலும் பிள்ளைகளைக் குர்ஆன் மத்ரஸாவில் விட்டுவிட்டு வாசலில் நிற்கும்போதும், நம்மில் நாலு பேர் கூடினால் ஒரு பேச்சுத் தவறாமல் வருகிறது. "வீட்டோடு நிற்கிற மாதிரி ஒரு பிள்ளை இருந்தால் பார்த்துச் சொல்லுங்கள் ராத்தா. தனியே மாரடிக்க முடியவில்லை." கேட்பவரின் களைப்பு உண்மையானது. யாழ்ப்பாண நகரின் தென்கிழக்கு ஓரத்தில், கடனீரேரிக் கரையில், இந்தக் கொழும்புத்துறையில் வாடகைக்குக் குடியிருக்கும் எனக்கும் அந்தக் களைப்புத் தெரியும். ஐந்து பேருக்குச் சமையல், உடுப்புத் தோய்த்தல், கூட்டுதல், பிள்ளைகளின் பாடம், வயதான மாமியின் மருந்து. இத்தனைக்கும் இரண்டு கைதான்.

ஆனாலும் "ஒரு பிள்ளை" என்று நாம் வாய் தவறாமல் கேட்கிறோமே, அந்தச் சொல்லைச் சற்று நின்று யோசிப்போம். யாருடைய பிள்ளை?

ஆள் ஏன் கிடைப்பதில்லை?

முன்னொரு காலத்தில் வசதியுள்ள வீடுகளில் மலையகத்திலிருந்தோ வன்னியிலிருந்தோ ஒரு சிறுமி வந்து நிற்பாள். நம்மவர் வீடுகளில் ஏழை உறவுக்காரரின் மகள் "ஒத்தாசைக்கு" வந்து நிற்பாள். உண்ணவும் உடுக்கவும் கொடுத்து, கல்யாணத்துக்கு ஏதாவது செய்து அனுப்புவோம் என்பது பேச்சு. அவள் பள்ளிக்கூடம் போனாளா என்று கேட்டவர் குறைவு.

இன்று நிலைமை மாறிவிட்டது. கட்டாயக் கல்வி வயது இலங்கையில் 2016இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. வேலைக்கு அமர்த்தக்கூடிய மிகக் குறைந்த வயதும் 2021இல் 14இலிருந்து 16 ஆக்கப்பட்டது. வளர்ந்த பெண்களுக்கோ கடைகளிலும் தையல் ஆலைகளிலும் வேலை இருக்கிறது. மாதச் சம்பளத்தை எடுத்துக்கொண்டு மாலையில் தன் வீட்டுக்குப் போகலாம். பிறகு யார்தான் இரவும் பகலும் பிறர் வீட்டுக் குசினியில் கிடப்பார்கள்? இதைக் கஷ்டம் என்று நாம் சொல்கிறோம். அந்தப் பிள்ளைகளின் உம்மாமார் இதை ரஹ்மத் என்பார்கள்.

2021 ஜூலையில் கொழும்பில் ஓர் அரசியல் பிரமுகரின் வீட்டில் வேலைக்கு நின்ற 16 வயது மலையகச் சிறுமி தீக்காயங்களோடு ஆஸ்பத்திரியில் மரணித்தாள். நாடே அதிர்ந்தது. அடைத்த கதவுக்குள் வேலை செய்யும் பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க வெளியே ஒருவரும் இல்லை என்பதை அந்த மரணம் நமக்கெல்லாம் உணர்த்தியது.

இன்னொரு பெயரை நம் சமுதாயம் மறந்திருக்காது. மூதூரைச் சேர்ந்த ரிஸானா நபீக். வீட்டின் வறுமை நீங்க, கடவுச்சீட்டில் வயதைக் கூட்டிக் காட்டி, 2005இல் 17 வயதில் சவூதி அரேபியாவுக்கு வீட்டுப் பணிப்பெண்ணாக அனுப்பப்பட்டவர். பால் கொடுக்கும்போது அவர் பொறுப்பில் இருந்த கைக்குழந்தை இறந்துபோனது. குழந்தைக்குப் புரையேறியது என்றே அவர் சொன்னார். 2013 ஜனவரி 9ஆம் தேதி அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. குழந்தை வளர்க்கும் வயதே வராத ஒரு பிள்ளையின் கையில் குழந்தையைக் கொடுத்தது முதல் தவறு. "வீட்டோடு நிற்க ஒரு பிள்ளை" என்று நாம் இங்கே கேட்கும்போது, வேறொரு மூதூரில் வேறொரு ரிஸானாவைத்தான் கேட்கிறோம்.

நாமே வேலைக்காரிகளாக நின்ற காலம்

வடக்கு முஸ்லிம்களுக்கு இதைப் பிறர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1990 அக்டோபர் 30ஆம் தேதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானத்தில் கூடச் சொல்லி, இரண்டே மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகள் ஊரைவிட்டு வெளியேற்றினார்கள். சோனகத் தெருவில் கல்வீட்டில் வாழ்ந்த பெண்கள் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளில் ஓலைக் கொட்டில்களில் குடியேறினார்கள். அதுவரை வேலைக்கு ஆள் வைத்திருந்த எத்தனையோ குடும்பத்துப் பெண்கள் பிறருடைய வெங்காயத் தோட்டங்களிலும் மிளகாய்த் தோட்டங்களிலும் நாட்கூலிக்குப் போனார்கள். மாலையில் வந்து மூன்று கல் அடுப்பில் சோறாக்கினார்கள். கூலி குறைந்தபோதும், ஏச்சு வாங்கியபோதும் மனம் எப்படி வலித்தது என்பதை அவர்களிடம் கேளுங்கள். 2009க்குப் பின் திரும்பி வந்து வாழ்க்கையைக் கட்டி எழுப்புகிற நாம், அந்த வலியை இன்னொரு வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா?

நபிகளார் குடும்பத்தின் முன்மாதிரி

வீட்டு வேலையால் களைத்துப்போன முதல் முஸ்லிம் பெண் நீங்களல்ல சகோதரியே! நபிகளாரின் அருமை மகள் பாத்திமா (ரலி) அவர்களின் கை, திரிகை சுற்றிச் சுற்றிக் காய்த்துப்போனது. போர்க்கைதிகள் வந்திருப்பதைக் கேள்விப்பட்டு, உதவிக்கு ஓர் ஆளைக் கேட்கத் தந்தையின் வீட்டுக்குப் போனார்கள். தந்தை அங்கில்லை. ஆயிஷா (ரலி) அவர்களிடம் சொல்லிவிட்டு வந்தார்கள். அன்றிரவு நபி (ஸல்) அவர்களே மகளின் வீட்டுக்கு வந்து, படுக்கும்போது சுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்து லில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 என்று ஓதும்படி சொன்னார்கள். நீங்கள் கேட்டதைவிட இது மேலானது என்றார்கள். திண்ணைத் தோழர்கள் பசித்திருக்க உங்களுக்குக் கொடுக்க மாட்டேன் என்று சொன்னதாகவும் ஓர் அறிவிப்பு இருக்கிறது. தன் மகளின் களைப்பையும் பார்த்தார்கள், பிறருடைய பசியையும் பார்த்தார்கள்.

அபூபக்ர் (ரலி) அவர்களின் மகள் அஸ்மா (ரலி), கணவர் ஸுபைர் (ரலி) அவர்களின் குதிரைக்குத் தீனி போட்டார்கள், தண்ணீர் சுமந்தார்கள், தூரத்துத் தோட்டத்திலிருந்து பேரீச்சங்கொட்டைகளைத் தலையில் சுமந்து வந்தார்கள். பின்னர் தந்தை ஒரு பணியாளரை அனுப்பியபோது, தனக்கு விடுதலை கிடைத்ததுபோல் இருந்தது என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆகவே உதவி வேண்டும் என்று நினைப்பது ஈமானின் குறை என்று எவரும் சொல்ல வேண்டாம்.

இதைப் படித்துவிட்டு, "பாத்திமா நாயகி பட்டதுபோல் நீயும் படு" என்று ஆண்கள் சொல்லிவிடவும் முடியாது. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டது. வீட்டாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் எழுந்து போவார்கள் என்பது அவர்களின் பதில். தம் செருப்பைத் தாமே தைத்தார்கள், கிழிந்த உடுப்பைத் தாமே ஒட்டுப் போட்டார்கள்.

நம் பகுதியில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் சட்டநூல்களில், சமைப்பதும் வீட்டு வேலை செய்வதும் மனைவியின் மீது சட்டக் கடமையல்ல என்றே இருக்கிறது. பிறந்த வீட்டில் பணிவிடை பெற்று வளர்ந்தவளுக்குப் பணியாள் அமர்த்துவது கணவனின் பொறுப்பு என்றும் இருக்கிறது. ஊர் வழக்கப்படி மனைவி செய்ய வேண்டும் என்று சொன்ன அறிஞர்களும் உண்டு. சட்டத்தைக் காட்டிச் சண்டை பிடிக்க இதைச் சொல்லவில்லை. நீங்கள் தினமும் ஆக்கிப் போடும் சோறு ஓர் உபகாரம் என்பதைக் குடும்பம் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

குசினி வேலையைக் குறைக்கும் வழிகள்

வேலையைப் பங்கிடுவதற்கு முன் குறையுங்கள். காலையில் ஓர் உணவு, மதியம் சோறும் மூன்று கறியும், பின்னேரம் பலகாரம், இரவுக்கு இடியப்பமும் சொதியும் என்பது வீட்டோடு ஆள் நின்ற காலத்து ஒழுங்கு. ஆள் போனபின்னும் ஒழுங்கை மட்டும் பிடித்து வைத்திருப்பதால்தான் முதுகு முறிகிறது.

* மாதம் ஒருமுறை மா வறுத்து, நன்றாக ஆறவிட்டு, ஈரமில்லாத பேணியில் அடைத்து வையுங்கள். புட்டுக்கும் இடியப்பத்துக்கும் உடனே கைக்கு வரும். கறித்தூளும் அப்படியே. மிளகாய், மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, கறிவேப்பிலை எல்லாவற்றையும் ஒரே நாளில் வறுத்து மில்லில் திரித்துக்கொள்ளுங்கள்.

* இஞ்சி, உள்ளியை உப்பும் சிறிது எண்ணெயும் சேர்த்து அரைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும்.

* மீன் விஷயத்தில் நாம் பாக்கியசாலிகள். பக்கத்துப் பாசையூர்ச் சந்தையில் மீன், இறால், நண்டு எல்லாம் பச்சையாகக் கிடைக்கும். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வாங்குங்கள். வெட்டிக் கழுவி, ஒரு நேரக் கறிக்கு எவ்வளவோ அவ்வளவாகப் பிரித்து உறைய வையுங்கள். ஒருமுறை உருகிய மீனைத் திரும்ப உறைய வைக்க வேண்டாம்.

* பயறும் கடலையும் இரவே ஊறட்டும். 2022இல் காஸ் இல்லாமல் நாடே திண்டாடியபோது பலர் கைக்கொண்ட முறை ஒன்று உண்டு. ஊறிய பயறைப் பதினைந்து நிமிடம் நன்றாகக் கொதிக்க விட்டு, இறுக மூடி, பழைய போர்வையால் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் தன் சூட்டிலேயே வெந்திருக்கும். காஸும் மிச்சம், அடுப்படியில் நிற்கும் நேரமும் மிச்சம்.

* வாரத்தில் இரண்டு நாள் ஒரே பானை உணவு சமையுங்கள். மரக்கறியும் பருப்பும் சேர்த்த சோறு, மீனும் இறாலும் முருங்கையிலையும் போட்ட ஒடியற் கூழ் எல்லாம் சத்தான சாப்பாடுதான். கழுவவும் ஒரே பானை.

* றமழானில் நோன்புக் கஞ்சியும் பேரீச்சம்பழமும் ஒரே ஒரு பலகாரமும் போதும் என்று குடும்பமாக முடிவெடுங்கள். அஸரிலிருந்து மஃரிப் வரை எண்ணெய்ச் சட்டியின் முன் நிற்கும் பெண்ணுக்கும் அந்த மாதத்தில் குர்ஆன் ஓத உரிமை உண்டு.

யார் யாருக்கு என்ன வேலை?

இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும் சகோதரிகளே. வேலைக்காரப் பிள்ளை போன இடத்தில், பல வீடுகளில் சத்தமில்லாமல் மூத்த மகள் வந்து நிற்கிறாள். சாதாரண தரப் பரீட்சை எழுதும் அதே வீட்டு மகன் படிக்கிறான் என்று அவனை எழுப்புவதில்லை. மகளுக்கும் அதே பரீட்சை வரும் என்பதை மறந்துவிடுகிறோம்.

சுபஹுக்கு எழுந்தால் பள்ளிக்கூடம் தொடங்கும் ஏழரை மணிக்குள் இரண்டரை மணி நேரம் கிடைக்கிறது. அதில் வேலையை ஆளுக்கொன்றாகப் பிரித்து ஒரு தாளில் எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டுங்கள். தேங்காய் திருவுவது மகனின் வேலை. படுக்கை மடிப்பது அவரவர் வேலை. சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைப்பது எல்லோருக்கும் பொது. ஏழு வயதில் தொழச் சொல்லிக் கொடுக்கிறோம். அதே வயதில் தன் கோப்பையைக் கழுவவும் சொல்லிக் கொடுப்போம். இன்று கோப்பை கழுவும் மகன் நாளை ஒரு பெண்ணின் சுமையைக் குறைப்பான்.

கணவரிடம் "நீங்கள் ஒன்றுமே செய்வதில்லை" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "வெள்ளிக்கிழமை மீன் வாங்கி வெட்டுவித்து வருவதும், இரவில் பிள்ளைகளின் பாடம் பார்ப்பதும் உங்கள் பொறுப்பு" என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள். செய்ததைக் குறை பிடிக்காதீர்கள். மீன் துண்டு சற்றுப் பெரிதாக இருந்தால் கறி கெட்டுப்போகாது.

மருமகளோடு இருக்கும் மாமிமாருக்கும் ஒரு வேண்டுகோள். "நாங்கள் அந்தக் காலத்தில்" என்று தொடங்குமுன், அந்தக் காலத்தில் உங்கள் பக்கத்தில் எத்தனை கை இருந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

ஆள் வைத்தே ஆக வேண்டும் என்றால்

நோயாளி இருக்கும் வீடு, பிரசவ வீடு, உம்மாவும் உத்தியோகம் பார்க்கும் வீடு ஆகியவற்றுக்கு உதவி தேவைதான். அப்போது வயது வந்த ஒரு பெண்ணை, காலையில் வந்து பகலில் திரும்பிப் போகும்படி அமர்த்துங்கள். வேலை என்ன, நேரம் எவ்வளவு, சம்பளம் எவ்வளவு என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். வீட்டுப் பணியாளருக்கென்று சர்வதேச தொழில் அமைப்பு 2011இல் நிறைவேற்றிய 189ஆம் இலக்க உடன்படிக்கை, வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்கிறது. நம் மார்க்கமோ, வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கவும், நாம் உண்பதையே உண்ணக் கொடுக்கவும், சக்திக்கு மீறிய வேலை தராதிருக்கவும் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே கற்றுத் தந்துவிட்டது. பத்து வருடம் நபிகளாருக்குப் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்கள், ஒருநாளும் தன்னைப் பார்த்து "சீ" என்றுகூட அவர்கள் சொன்னதில்லை என்கிறார்கள். நம் வீட்டுக்கு வந்துபோகும் பெண் நம்மைப் பற்றி என்ன சொல்வாள்?

சகோதரிகளே! கூரையில் ஒட்டடை இருந்தால் இருக்கட்டும். இன்றைக்கு ஒரு கறி குறைந்தால் குறையட்டும். உங்கள் உடம்பும் உங்கள் தொழுகையும் உங்கள் சிரித்த முகமும் அதைவிடப் பெரியவை. வேலை ஓய்ந்து படுக்கும்போது பாத்திமா நாயகிக்குச் சொல்லிக் கொடுத்த அந்தத் தஸ்பீஹை ஓதுங்கள். காலையில் எழுந்ததும் தேங்காயையும் திருவலையையும் மகனிடம் கொடுங்கள். இரண்டும் சேர்ந்தால் இன்ஷா அல்லாஹ் வீடு நடக்கும்.